ஆறு பாட்டு நேரம் குளித்த குற்றம்

அன்புத் தங்கச்சிக்கு உன் அக்கா எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தான் செய்வீர்கள், உங்களுக்கு என்ன குறை. நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் மூத்த மகள் புது வீடு போன அன்றைக்கு எனக்குக் கடைசி வரிசையில் கால் ஆடுகிற பச்சை நாற்காலியைப் போட்டதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன், அதைப் பற்றி இதில் ஒரு வார்த்தை எழுதப்போவதில்லை. பின்னங்கால், இடது பக்கம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருகிற நேரம் பார்த்து, "அக்கா, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுவாய். இந்த வருஷம் மட்டும் பதினோரு தடவை பால் வைத்திருக்கிறாய். அதோடு நான் போனை எடுத்தால் சின்னப் பேத்தி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டு, பேசுவதையெல்லாம் கேட்டுச் சாயந்திரம் அவள் அம்மாவிடம் அப்படியே ஒப்பிக்கிறாள். அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வராது என்பதால் கடிதம்தான் பத்திரம். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு எழுதுவதே பெரிது, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், நீ எட்டு வரைக்கும் போனவள். தாளைத் திருப்பிப் பார்க்காதே. முதல் இரண்டு தாளுக்குப் பின்னால் இருப்பது மூத்த பேத்தியின் கணக்குப் பரீட்சை. இந்த வீட்டில் ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைத் தூக்கிப்போடக் கூடாது, இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிற தாளை என் கையில் தரவும் மாட்டார்கள். மூன்றாவது தாளின் பின்னால் மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனை. அதைப் பார்த்துவிட்டால் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்பதை யாரிடமும் சொல்லாதே.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் முதல் வாரத்தில் நீ வந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. பத்து நாள் இருந்துவிட்டு வருவதற்கு இல்லை, ஒரேயடியாக. ஏன் என்று சொல்கிறேன், பாலை இறக்கி வைத்துவிட்டுப் படி.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் என் மகளும் மாப்பிள்ளையும் பெற்றோர் கூட்டத்துக்குப் போனார்கள். மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள், மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், இரண்டு பேருக்கும் அன்றைக்கு லீவு கிடைத்தது என் கெட்ட நேரம். அங்கே யாரோ ஒருவர் பேசினாராம். "கொழந்தைங்களுக்கு வாயால சொல்லி எதுவும் ஏறாது. தண்ணிய வீணாக்காத, குப்ப போடாதன்னு கத்திப் பிரயோஜனம் இல்ல. வீட்டுல பெரியவங்க தினமும் என்ன செய்யுறாங்களோ அதத்தான் அதுங்க பாத்துக் கத்துக்கும்" என்றாராம். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வீட்டில் பெரியவள் நான்தானே.

"அம்மா, இனிமே உன்னப் பாத்துதான் புள்ளைங்க கத்துக்கப் போகுது."

"என்னப் பாத்து என்னத்தடி கத்துக்கும், முழங்கால் வலியா?"

"வெளையாடாதம்மா. இதுங்க பெருசாகும்போது குழாயத் தொறந்தா தண்ணி வரணும்ல?"

அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன், வரக்கூடாது என்றா? சரி என்றேன். அடுத்த நாள் காலையில் எழுந்து பார்த்தால் சமையலறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை. ஐந்து பேருக்கும் ஐந்து கட்டம். நல்ல பழக்கத்துக்கு ஒரு பச்சை இலை ஒட்டுவார்கள், கெட்ட பழக்கத்துக்குக் கரும்புள்ளி. அட்டைக்கு அதிகாரி பத்து வயது மூத்தவள். அவளுக்கு என் மாமனார் முகம், அவரைப் போலவே யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். என் கட்டத்தில் முதல் வாரத்திலேயே ஒன்பது புள்ளி. விசிறியை நிறுத்தாமல் அறையை விட்டு வந்தது ஒன்று, கடையில் பை வாங்கியது ஒன்று, மூக்கைச் சிந்தக் காகிதக் கைக்குட்டை எடுத்தது இரண்டு. ஒரு தும்மலுக்கு இரண்டு புள்ளி போட்டாள் தங்கச்சி, தும்மல் பெரிதாம். இலைகளை ஒன்றொன்றாகப் பிய்த்து வாயில் போட்டு மென்ற சின்னவளே எனக்கு மேலே இருந்தாள்.

எனக்கு எரிச்சல் எதில் தெரியுமா? இதெல்லாம் நான் செய்யாததா? என் காலத்தில் கிழிந்த புடவை பாவாடையாகி, பாவாடை தலையணை உறையாகி, உறை கரித்துணியாகி, கடைசியில் அது எங்கே போனது என்றே தெரியாமல் போகும். இதே மகளுக்கு ஏழாம் வகுப்பில் பழைய திரைச்சீலையை வெட்டிப் புத்தகப்பை தைத்துக் கொடுத்தேன். மஞ்சளில் நீலப் பூ. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள் என்று ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. போன மாதம் அதே மகள் எங்கள் பழைய திரைச்சீலையை வெட்டிப் பன்னிரண்டு பை தைத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள், மேடையில் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து நானும் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். அப்போது அதற்கு இல்லாமை என்று பெயர், இப்போது அதற்குப் பழக்கம் என்று பெயர். அறுபது வருஷம் மிச்சம் பிடித்தவளுக்கு வயதான காலத்தில் கொஞ்சம் வீணாக்கிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தால், அதற்குள் உலகம் திருந்திவிட்டது.

புழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். சமையலறைக்கு வெளியே இருக்கிற பால்கனியில் ஒரு மரப்பெட்டி வைத்து அதில் மண்ணைப் போட்டு இருநூறு மண்புழுவைக் குடிவைத்தார்கள். காய் நறுக்கின தோல், தேயிலைச் சக்கை எல்லாம் அதுகளுக்குச் சாப்பாடு. சாப்பிட்டு உரம் போடும். நல்லதுதான். ஆனால் அதுகளுக்கு வெங்காயம் ஆகாது, எலுமிச்சை ஆகாது, காரம் ஆகவே ஆகாது. "பாட்டி, இன்னிக்கு வெங்காயம் அதிகம் போடாத, தோலு மிஞ்சும், தங்கங்களுக்கு ஒத்துக்காது." புழுவுக்குத் தங்கம் என்று பெயர். எனக்கு வாய்வு ஒத்துக்கொள்ளாது என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன், இந்த வீட்டில் ஒருவர் ஒரு உருளைக்கிழங்கை நிறுத்தியதில்லை. இப்போது என்ன சமையல் என்பதைப் புழுவைக் கேட்டு முடிவு செய்கிறார்கள்.

அதற்கடுத்து மாப்பிள்ளை ஒரு ஏற்பாடு செய்தார். குளியலறையில் குளிக்கிற தண்ணீர் வீணாகப் போகாமல், சுவரில் துளை போட்டு ஒரு குழாய் வழியாகப் பால்கனியில் இருக்கிற நீல டிரம்முக்கு வரும், அங்கிருந்து சொட்டுச் சொட்டாகச் செடிகளுக்குப் போகும். செடிக்குப் போவதால் நுரை வராத ஒரு சோப்பு வாங்கினார்கள், செங்கல்லால் தேய்த்த மாதிரி இருக்கும். ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் குளியல். டிரம்மும் அந்தக் கணக்குக்குத்தான் போதும். நேரம் பார்க்கும் வேலை ஐந்து வயதுச் சின்னவளுக்கு. கதவுக்கு வெளியே நின்று சத்தமாக எண்ணுவாள். அவளுக்கு இருபத்தொன்பது வரை ஒழுங்காக வரும், அதற்கப்புறம் நேராக ஐம்பது. "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, அம்பது!" என்பாள், எனக்கு முதுகில் சோப்பு அப்படியே இருக்கும். திருத்தச் சொன்னேன். "இப்பதான் எண்ணப் பழகுது, ஆர்வத்தக் கெடுக்காதம்மா" என்றாள் மகள். ஆக என் முதுகில்தான் அது கணக்குப் பழகுகிறது.

தங்கச்சி, உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாய், அதனால் எழுதுகிறேன். நம் வீட்டில் ஏழு பேர். தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தது நான், தினமும் ஆறு நடை. குளிப்பதில் கடைசி ஆளும் நான். எனக்கு முன்னால் நீ. உனக்கு வருஷம் முழுக்கச் சளி, அதனால் உனக்கு மூன்று செம்பு கூடுதல். வாளியைச் சாய்த்துச் சாய்த்து மிச்சத்தை மொண்டு ஊற்றிக்கொள்வேன், அது தோளோடு நின்றுவிடும். கல்யாணமாகிப் போன இடத்திலும் எல்லோரும் குளித்த பிறகு கடைசியில்தான். எனக்கு நகை ஆசை இல்லை, ஊர் சுற்ற ஆசை இல்லை. இந்த வீட்டில் தலைக்கு மேலே ஷவர் தொங்குகிறது, திறந்தால் வெந்நீர் கேட்காமலே கொட்டுகிறது. அதன் கீழே ஒரே ஒரு நாள், யாரும் எண்ணாமல், எனக்கே போதும் என்று தோன்றுகிற வரைக்கும் நிற்கவேண்டும். எழுபத்து மூன்று வயதில் எனக்கு மிச்சமிருக்கிற ஆசை அது ஒன்றுதான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு வீட்டில் யாரும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம், அவர்கள் வேலைக்கு. நான் ரேடியோவைக் குளியலறை வாசலில் வைத்து, ஒளித்து வைத்திருந்த நுரை வருகிற பழைய சோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எப்படி இருந்தது என்று கேட்காதே. முதுகு முழுக்க நனைந்தது. கழுத்துக்குப் பின்னால் இருந்த பிடிப்பு விட்டது. பழைய பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தான், ஒவ்வொரு பாட்டும் முடியும்போது இதோடு சரி என்று நினைப்பேன், அடுத்த பாட்டு அதைவிட நன்றாக இருக்கும். ஆறு பாட்டு ஓடியது. நடுவில் ஒரு செய்தி. உலகத்தில் எங்கெங்கோ என்னென்னவோ நடக்கிறது, நான் ஷவருக்குக் கீழே நின்றுகொண்டு ஐயோ பாவம் என்றேன்.

துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் பால்கனியில் குளம். இரண்டு நிமிஷக் குளியலுக்குச் செய்த டிரம், ஆறு பாட்டைத் தாங்குமா? நிரம்பி வழிந்து, புழுப்பெட்டிக்குள் புகுந்து, பெட்டி நிறைந்து மூடி படகு மாதிரி மிதக்கிறது. மண்புழுவுக்கு ஈரம் பிடிக்கும், வெள்ளம் பிடிக்காது போலிருக்கிறது. இருநூறும் குடும்பத்தோடு கிளம்பிச் சுவரோரமாக ஊர்ந்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டை வழியாகக் கீழ்வீட்டுப் பால்கனிக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. கடைசியாகப் போன மூன்றைக் கையால் பிடித்தேன், வழுக்கிவிட்டன. "ஏய், வாங்கடி, வாங்க தங்கங்களா" என்று கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். என் வாயால் அதுகளைத் தங்கம் என்று சொன்னது அன்றைக்குத்தான். முழங்கால் வலியோடு ஒன்றரை மணி நேரம் துடைத்தேன். டிரம்மைக் காலி செய்தேன், பெட்டியைச் சாய்த்து வடித்தேன், மூடியை எடுத்து மேலே வைத்தேன். மத்தியான வெயிலில் தரை காய்ந்துவிட்டது. ரேடியோவை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன், ஒன்றும் தெரியாத கிழவி மாதிரி.

சாயந்திரம் மூத்தவள் ஆப்பிள் தோலை எடுத்துக்கொண்டு புழுவுக்குப் போடப் போனாள். அவள் அலறின அலறலில் மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்பானரைக் கால்மேல் போட்டுக்கொண்டார். பெட்டியில் ஒரு புழு இல்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காக்கா மூடியைத் தட்டிவிட்டுத் தின்றிருக்கும் என்றார் மாப்பிள்ளை. "அத்தை, பகல்ல எதாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்றார். "எனக்கு எங்க மாப்பிள்ள காது கேக்குது" என்றேன். அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மா. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் குடிவந்த முதல் நாளே வாசல் காவலாளியின் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தைப் பார்த்து, "கொஞ்சம் தெளிவா எழுதலாமே" என்றவர், மூன்று வருஷம் எட்டு மாதமாகிறது, அதையும் நான் மறந்துவிட்டேன். கையில் ஒரு டம்ளர்.

"ஏங்க, இவங்க உங்க வீட்டு ஆளுங்களா?"

டம்ளருக்குள் நான்கு தங்கங்கள்.

"எங்க இருந்தாங்க ஆன்ட்டி?" என்று மூத்தவள் ஓடினாள்.

"காயப்போட்ட பெட்ஷீட்ல ரெண்டு, செருப்புல ரெண்டு. மிச்சமெல்லாம் என் ரோஜாத் தொட்டிக்குள்ள பூந்துருச்சு. அதுங்கள இனிமே தோண்டி எடுக்க விடமாட்டேன், சொல்லிட்டேன். என் செடி எட்டு மாசமா பூக்கல."

நான்கைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார். அந்த அம்மாவின் சாமர்த்தியத்தைப் பார்.

இதோடு முடிந்திருந்தால் நான் உனக்குக் கடிதம் எழுதவேண்டிய அவசியமே இல்லை. வியாழக்கிழமை மூத்தவளின் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் டீச்சரும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. வீட்டுப் பழக்கங்கள் என்று ஒரு பாடம், அதற்கு முன்மாதிரியாக எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூத்தவள் ஒரு மாதமாக அதற்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தாள், புழுப்பெட்டிதான் அவளுக்கு முக்கியம். புதன்கிழமை அவள் நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்புதான். மூடியிருந்தாலும் திறந்து படித்திருப்பேன். இப்படி எழுதியிருந்தாள்: "நேற்றுக் காலையில் அவசரத்தில் நான் மூடியைச் சரியாக மூடவில்லை என்று நினைக்கிறேன். இருநூறு பேர் என்னால் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள்." அதற்குக் கீழே சுவர் அட்டையில் தன் கட்டத்துக்குத் தானே புள்ளி போட்டிருக்கிறாள் என்பதையும் எழுதியிருந்தாள். போய்ப் பார்த்தேன், இருபது புள்ளி. பத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. எனக்குச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒளித்து வைத்த சோப்பையும் சொல்லவேண்டி வருமே என்று விழுங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை கூடம் நிறையப் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். துணிப்பைகள், டிரம், சுவர் அட்டை. என் நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு சீட்டு இருந்தது, "பாட்டி: பழைய துணியை வீணாக்காதவர்" என்று. பிள்ளைகள் வந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூத்தவள் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்து புழுப்பெட்டிக்கு முன்னால் நின்றாள். உள்ளே நான்கு பேர். "இங்க எரநூறு இருந்துச்சு. என் கவனக்குறைவால..." என்று ஆரம்பித்தாள், மோவாய் நடுங்கியது. அந்த மோவாயை நான் பார்த்திருக்கக் கூடாது.

"மூடியில ஒரு தப்பும் இல்ல" என்றேன். "நான் குளிச்சேன்."

யாருக்கும் புரியவில்லை. "நீங்க குளிச்சா புழு ஏன் பாட்டி போகும்?" என்றார் டீச்சர், பாவம், நல்ல பெண். டிரம் கதையைச் சொன்னேன். சோப்பையும் சொன்னேன், சொல்வது என்று வந்தபிறகு என்ன மிச்சம். முன்னால் நின்ற ஒரு பெண் கை தூக்கினாள்.

"பாட்டி, எவ்ளோ நேரம் குளிச்சீங்க?"

"மணி பாக்கல கண்ணு. ரேடியோவுல ஆறு பாட்டு. நடுவுல ஒரு செய்தி."

இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள், ஜன்னல் திரைச்சீலை ஆடின மாதிரி இருந்தது. கண்ணாடி போட்ட ஒன்று விரல் விட்டுக் கணக்குப் போட்டு, "டீச்சர், முன்னூறு லிட்டருக்கு மேல!" என்றது. மகள் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார், அதன் கொள்ளளவைப் பற்றி யோசித்திருப்பார். பின்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் மட்டும், "பாட்டி, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். பொய் சொல்வதை அப்போதுதான் நிறுத்தியிருந்தேன், உடனே எப்படி மறுபடி ஆரம்பிப்பது. டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது.

எல்லோரும் போனபிறகு மூத்தவள் தண்ணீரைப் பற்றித் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எத்தனை புள்ளி வேண்டுமானாலும் போடட்டும் என்று அட்டைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவள் தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு நாளா நான் அழுதத பாத்துக்கிட்டேதான் இருந்தியா பாட்டி?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சில்லை. இன்று திங்கட்கிழமை, ஐந்தாவது நாள்.

பேசாமல் இருப்பதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். பெரிய நாத்தனாரோடு பதினான்கு வருஷம் பேசாமல் ஒரே வீட்டில் இருந்தவள் நான். எதிரே வந்தால் பாத்திரத்தைப் பார்க்கவேண்டும். ஏதாவது வேண்டுமென்றால் மூன்றாவது ஆளிடம் சத்தமாகச் சொல்லவேண்டும். அவர்கள் சிரிக்கிற விஷயத்துக்கு நாம் சிரிக்கக் கூடாது. இவள் பத்து வயதில் இத்தனையையும் ஒரு பிசகு இல்லாமல் செய்கிறாள். "தண்ணி பாட்டில் அந்தப் பக்கம் இருக்கு, யாராச்சும் எடுத்துக் குடுங்க" என்கிறாள், நான்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். "இதெல்லாம் யாரப் பாத்துக் கத்துக்குச்சோ" என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பாத்துதான் கத்துக்கும்னு மீட்டிங்ல கேட்டுட்டு வந்தது நீதானே" என்றேன். ஆனால் தங்கச்சி, பேசாமல் இருப்பது சுலபம், பேசாமல் விடப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. பெரிய நாத்தனாரை நினைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம்தான், அதிகமில்லை.

அதனால்தான் சொல்கிறேன். உன் வீட்டில் ஷவர் இருக்கிறது, எண்ண ஆள் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிப்போடுகிறீர்கள், கை துடைக்கிற காகிதம் பெட்டி பெட்டியாக இருக்கிறது, ஒன்பது விளக்கு எரிந்தாலும் கேட்பாரில்லை. உன் வீட்டில் எனக்கு மரியாதை இருக்காது, அது எனக்குப் பழகிப்போனது. இங்கே என் மரியாதையை நானே கழுவி விட்டுவிட்டேன். மருந்து டப்பாவும் நான்கு புடவையும் கட்டி வைத்துவிட்டேன். வந்து கூட்டிக்கொண்டு போ.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். உன் பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுசோடு, யாருக்கும் முன்மாதிரியாக இல்லாமல் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உன் இரண்டாவது மருமகனுக்கு மட்டும் நான் ஒன்றும் சொன்னதாகச் சொல்லவேண்டாம், போன தடவை கடைத்தெருவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டான், தலைகீழாக வைத்திருந்தான்.

இப்படிக்கு,
உன்னிடம் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத
அக்கா

பி.கு.: வராதே. இதை எழுதி முடித்து ஆறு நாளாகிறது. தபால்பெட்டி வரைக்கும் நடந்து போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள். நேற்றுச் சாயந்திரம் மூத்தவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டி வைத்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பாத்ரூம் உனக்கு. இருவது நிமிஷம்." எந்த இருபது நிமிஷம் என்று கேட்டேன். செவ்வாய் முதல் ஐந்து நாளாக இவளும் தங்கையும் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு நிமிஷம் குறைத்துக் குளித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது, மாப்பிள்ளை காதில் சோப்போடு வேலைக்குப் போனதைப் பார்த்து அவசரம் என்று நினைத்தேன். "டிரம்ம ரெண்டு தடவ காலி பண்ணிக்கலாம், பொட்டிய ஸ்டூல் மேல தூக்கி வச்சாச்சு. நீ பயப்படாம குளி" என்றாள். பத்து நாளில் அவள் என்னோடு பேசியது அதுதான், ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு உள்ளே போனேன். கதவுக்கு வெளியே யாரும் எண்ணவில்லை. நான்கு பேரும் கூடத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெந்நீர் நன்றாகத்தான் கொட்டியது. ஏழாவது நிமிஷம், தங்கச்சி, எனக்கே போதும் என்று தோன்றிவிட்டது. நிறுத்திவிட்டேன். ஆனால் அவ்வளவு சீக்கிரம் வெளியே போனால் பிள்ளை மனசு என்ன ஆகும்? துவட்டிப் புடவையைக் கட்டிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பதின்மூன்று நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை, அனுபவிக்கிற மாதிரி "ஆஹா" என்று சத்தம் வேறு கொடுத்தேன்.

வெளியே வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். மூத்தவள் மட்டும் பால்கனிக்குப் போய் டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒரு தடவகூட ரொம்பல" என்றாள். "குழாயில எங்கயாச்சும் அடைச்சிருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். மாப்பிள்ளை காதில் அது விழுந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு ஸ்பானரை எடுத்தவர், இப்போது மத்தியானம் மூன்று, சுவரிலிருந்து டிரம் வரைக்கும் குழாய் முழுவதையும் துண்டு துண்டாகக் கழற்றிக் கூடத்தில் பரப்பி ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடைப்பு கிடைக்கவில்லை. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்கிறார். கூடத்தில் கால் வைக்க இடமில்லை, குளியலறையில் தண்ணீர் திறக்கக் கூடாது, உன்னை வரச்சொல்லி எங்கே உட்காரவைப்பது? அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "அத்தை, இதுலயும் ஒன்னும் இல்லையே" என்கிறார். "இன்னும் நல்லா பாருங்க மாப்பிள்ள" என்கிறேன். மூத்தவள் என் பக்கத்தில், தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு வராமல் இருப்பதற்கு என் கையைப் பிடித்து நசுக்குகிறாள். வலிக்கிறது, விடச்சொல்லவில்லை.